ஓர் எலெக்ட்ராவும் பொருந்தாத மூன்று பொட்டலங்களும்: கார்பரேட்டர் வகை அறிதல் குறித்த நிகழ்வு ஆய்வு

2008ஆம் ஆண்டில் பதிவான புல்லட் எலெக்ட்ரா 350 ஒன்று, மூன்று மாதங்களாக மூன்று பேரின் கைக்குப் போய்த் திரும்பிய பிறகு, திருச்சி உறையூரில் என் நண்பர் நடத்தும் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. வண்டியுடன் ஒரு துணிப்பையும் வந்தது. அதில் அதன் உரிமையாளரான பள்ளி ஆசிரியர் வாங்கி, எதுவுமே பொருந்தாமல் போன பொருட்கள் இருந்தன: உள்ளூர்க் கடையில் வாங்கிய இரண்டு மெயின் ஜெட்டுகள் (பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் துளை கொண்ட சிறு திருகுகள்), இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு ஜெட் தொகுதி, 28 மில்லிமீட்டர் துளை கொண்ட ஒரு புதிய கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்). எல்லாமாக நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குச் சற்று மேல். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தும் நான், மாலை வேளைகளில் அந்தப் பட்டறையில் இருப்பது வழக்கம் என்பதால், இந்த வண்டியைப் பிரித்துப் பார்த்ததைப் படிப்படியாகக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளே இங்கே விரிகின்றன.

வண்டியை அவர் இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு அசல் சைலன்சரைக் கழற்றிவிட்டு உள்தடுப்பு இல்லாத குட்டைச் சைலன்சரையும், ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு வலையால் ஆன கூம்பு ஃபில்டரையும் மாட்டினார். அதன் பிறகு கால் பங்கு ஆக்சிலேட்டரில் வண்டி முக்கியது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடித்தது. சிக்னலில் நின்றால் ஐடிலிங் தானாக ஏறி இறங்கியது. காற்று அதிகமாகப் போகிறது, ஆகவே பெட்ரோலும் அதிகமாகப் போக வேண்டும், அதற்குப் பெரிய ஜெட் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, அவர் வாங்கத் தொடங்கினார். சொன்ன தர்க்கம் தவறில்லை. ஆனால் எந்த ஜெட், எந்தக் கார்பரேட்டருக்கு என்ற கேள்வியை அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

முதல் பொட்டலம் ஏன் பொருந்தவில்லை என்பதை வண்டியின் பெயரே விளக்கிவிடுகிறது. எலெக்ட்ரா என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட இன்ஜின்கள் விற்கப்பட்டுள்ளன. முதலில் வந்தது இரும்பு பேரலும் தனி கியர்பெட்டியும் கொண்ட பழைய இன்ஜின். அதில் இருப்பது மிக்கார்ப் வி.எம்.24 என்ற ஸ்லைடு வகை, அதாவது ஆக்சிலேட்டர் கேபிளே நேரடியாகத் தூக்கும் அடைப்பானைக் கொண்ட கார்பரேட்டர். 2010ஐ ஒட்டி, இன்ஜினும் கியர்பெட்டியும் ஒரே உடலாக அமைந்த, இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்ட இன்ஜின் அதே பெயருக்குள் வந்தது. அதில் இருப்பது பி.எஸ்.29 என்ற சி.வி. வகை, அதாவது வெற்றிட அழுத்தத்தால் தானே ஏறி இறங்கும் பிஸ்டனைக் கொண்ட கார்பரேட்டர். இரண்டும் ஜப்பானிய நிறுவனமான மிகுனியின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு சென்னையின் யூகால் நிறுவனம் தயாரித்தவையே என்றாலும், ஒன்றின் ஜெட் மற்றொன்றில் ஏறாது. கடைக்காரரிடம் நம்மவர் “எலெக்ட்ரா மெயின் ஜெட்” என்று கேட்டார். கடைக்காரர் அடிக்கடி விற்பதை, அதாவது பிந்தைய வண்டிக்கு உரியதை, எடுத்துக் கொடுத்தார். இருவர் மீதும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இதே குழப்பம் ராயல் என்ஃபீல்டின் இன்னொரு வண்டியான தண்டர்பேர்டிலும் உண்டு. அங்கே 2002இல் வந்த, ஏ.வி.எல். என்று அழைக்கப்படும் முந்தைய இன்ஜினிலேயே சி.வி. கார்பரேட்டர் இருந்தது. ஆகவே “பழைய புல்லட் என்றால் ஸ்லைடு” என்ற பட்டறை வாய்ப்பாடும் எல்லா இடத்திலும் நிற்காது. இன்னும் பின்னே போய், பிரிட்டனின் அமால் நிறுவனம் செய்த மோனோபிளாக் கார்பரேட்டரோடு இன்றும் ஓடும் மிகப் பழைய புல்லட்டுகளை எடுத்துக்கொண்டால், அவற்றின் ஸ்லைடின் கீழ்விளிம்பில் உள்ள வெட்டைக் குறிக்கும் எண்ணே வேறு கணக்கு: அமாலில் 3½ என்றால் அங்குலத்தின் பதினாறில் மூன்றரைப் பங்கு, மிகுனியில் 2.5 என்றால் இரண்டரை மில்லிமீட்டர்.

இரண்டாம் பொட்டலத்தின் கதை சற்று நீளமானது. முதல் ஜெட்டின் மரை ஏறாததைக் கண்ட ஆசிரியர், இந்த முறை அளந்தே வாங்குவது என்று முடிவு செய்து, கூம்பு ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரின் பின்வாயில் பள்ளிக்கூட அளவுகோலை வைத்துப் பார்த்திருக்கிறார். 28 மில்லிமீட்டர் வந்தது. வி.எம்.28 என்று இணையத்தில் தேடினார். தேடியது உடனே கிடைத்தது. வெளிநாடுகளில் அதிகம் விற்கப்பட்ட புல்லட் 500 சி.சி. இரும்பு இன்ஜின் வண்டி என்பதாலும், அதில் இருப்பது வி.எம்.28 என்பதாலும், “புல்லட்” என்ற பெயரோடு அங்கே விற்கப்படும் ஜெட் தொகுதிகள் பெரும்பாலும் அந்த 500க்கு உரியவை. ஆனால் கார்பரேட்டரின் பெயரில் வரும் எண் ஸ்லைடு இயங்கும் இடத்திலும் அதைத் தாண்டி இன்ஜின் பக்கத்திலும் உள்ள துளையின் விட்டத்தைக் குறிப்பது. ஏர் ஃபில்டர் பக்கத்து வாய், காற்று சுழியாமல் உள்ளே நுழைவதற்காகப் புனல்போல் விரிந்திருக்கும். அங்கே அளந்தால் எந்தக் கார்பரேட்டரும் தன்னைவிடப் பெரியதாகவே காட்டும். நாங்கள் பிறகு வெர்னியரை இன்ஜின் பக்கத்தில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்தபோது 24.0, 24.1 என்று வந்தது.

மூன்றாம் பொருள், பெயர் தெரியாத தயாரிப்பாளர் ஒருவர் ஜப்பானிய நிறுவனமான கெய்ஹினின் பி.டபிள்யூ.கே. வடிவத்தை நகலெடுத்துச் செய்த கார்பரேட்டர். “மொத்தமா மாத்திட்டா பிரச்சினையே இல்ல சார்” என்று சொல்லி ஒருவர் வாங்க வைத்திருக்கிறார். அதன் கழுத்து இந்த வண்டியின் இன்லெட் இணைப்பில் உட்காரவில்லை. ஆக்சிலேட்டர் கேபிளின் முனைக்குண்டும் அதன் ஸ்லைடில் மாட்டவில்லை. இரண்டையும் சமாளித்துப் பொருத்தினாலும், அந்த வடிவம் முதலில் பந்தயப் பாதைக்கான இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை மனத்தில் கொண்டு வந்தது என்பதால், உள்ளே இருக்கும் நீடிலும் (ஸ்லைடோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசி) ஜெட்டுகளும் 346 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எந்த விதத்திலும் தயாராக இருக்கப்போவதில்லை. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றும் இல்லை.

கழற்றுவதற்கு முன் பார்த்தவை

முதலில் எந்த ஸ்பேனரையும் கையில் எடுக்கவில்லை. நண்பர் விளக்கைப் பிடிக்க, ஆக்சிலேட்டர் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பார்த்தோம். கேபிள் நேராகக் கார்பரேட்டரின் மேல்மூடிக்குள் இறங்கினால் உள்ளே கேபிள் தூக்கும் ஸ்லைடு இருக்கிறது என்று பொருள். கேபிள் பக்கவாட்டில் வந்து ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றினால், அது திருப்புவது பட்டாம்பூச்சி வால்வை; அப்படியானால் மேலே ரப்பர் சவ்வை மூடியிருக்கும் வட்டமான, அகன்ற மூடியும் இருக்கும்; அது சி.வி. வகை. இந்த ஒரு பார்வையிலேயே பாதிச் சந்தையை ஒதுக்கிவிடலாம். சி.வி. வகையைக் கழற்றிவிட்டு ஸ்லைடு வகையைப் போட விரும்புவோர் இன்னொன்றையும் அதே பார்வையில் கவனிக்க வேண்டும்: சில சி.வி. கார்பரேட்டர்களின் பக்கத்தில் ஆக்சிலேட்டரின் நிலையை இக்னிஷன் பெட்டிக்குச் சொல்லும் சென்சார் இருக்கும்; அதை அனாதையாக விட்டால் ஸ்பார்க் விழும் நேரமும் மாறிவிடும்.

எங்கள் வண்டியில் கேபிள் மேல்மூடிக்குள் இறங்கியது. அடுத்து, பழைய டூத்பிரஷ்ஷைப் பெட்ரோலில் நனைத்து உடலைத் தேய்த்தோம். மிக்கார்ப் என்ற வார்ப்பெழுத்து தெரிந்தது. மாதிரி எண் இருக்க வேண்டிய இடத்தில், முந்தைய உரிமையாளர் அலுமினியம் பளபளக்க வேண்டும் என்று கம்பிச் சக்கரத்தால் தேய்த்திருந்ததால், எதையும் படிக்க முடியவில்லை. எழுத்து இருந்தால் அதுவே முதல் சாட்சி; கெய்ஹின் தயாரிப்புகளில் பி.இ., பி.டபிள்யூ.கே., சி.வி.கே. போன்ற எழுத்துகளோ, ஹோண்டா வண்டிகளில் பி.டி. என்று தொடங்கும் ஓர் அடையாள எண்ணோ உடலில் பதிந்திருக்கும். எழுத்து இல்லாத இடத்தில் வெர்னியர்தான் பேச வேண்டும். அது பேசியதை மேலே சொல்லிவிட்டேன்.

அதே நேரத்தில், ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் சிறு ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்த்தோம். ஸ்லைடுக்குப் பின்னால், ஃபில்டர் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் இருப்பது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும், அதாவது அதில் பெட்ரோலின் பங்கு கூடும். பட்டாம்பூச்சிக்கு முன்னால், இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையையே அனுப்பும் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் கலவை மெலியும். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேறுபாட்டில்தான் வண்டியின் ஒரு நோய் ஒளிந்திருந்தது. கடைசியாகப் பார்த்தவர் சி.வி. வண்டிகளில் பழகிய கை. வெடிச்சத்தம் கேட்டதும் கலவை மெலிந்திருக்கிறது என்று சரியாகக் கணித்து, அதைக் கெட்டியாக்க ஸ்க்ரூவை வெளியே எடுத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தபோது மூன்றரைச் சுற்று. சி.வி.யில் அது சரியான வைத்தியம். இந்தக் கார்பரேட்டரில் அது நோயை இரட்டிப்பாக்கியது.

திறந்த பிறகு

கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளிருந்த பெட்ரோலை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினோம். அடியில் துருத்தூளும் இரண்டு நீர்த்துளிகளும். மெயின் ஜெட் அறுகோணத் தலை கொண்டது. மேலே 100 என்ற எண் இருந்தது. மிகுனியின் அசல் ஜெட்டுகளில் பதிந்திருக்கும் நிறுவன முத்திரை இல்லை. உடல் அசலாக இருப்பதால் உள்ளே இருப்பவையும் அசல் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை எங்கள் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன்; ஆயினும் இந்த முறை அதை நானே எதிர்பார்க்கவில்லை.

எண் பற்றிய சிக்கலை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மிகுனியின் அறுகோண மெயின் ஜெட்டில் உள்ள எண், குறிப்பிட்ட சோதனை நிலையில் ஒரு நிமிடத்தில் அதன் வழியே எத்தனை கன சென்டிமீட்டர் திரவம் செல்கிறது என்பதைச் சொல்வது. கெய்ஹின் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. அங்கே 100 என்றால் 1.00 மில்லிமீட்டர். துளையின் விட்டம் ஒன்றாகவே இருந்தாலும், அதன் வாய் சரிந்திருப்பதும் உள்சுவர் மழமழப்பாக இருப்பதும் பாயும் அளவை மாற்றும் என்பதால், இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே நம்பகமான நேர்மாற்று அட்டவணை எதுவும் என் கையில் இல்லை; கடைச் சுவர்களில் ஒட்டியிருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. முத்திரை இல்லாத நகல் ஜெட்டில் 100 என்று இருந்தால் அது எந்தக் கணக்கில் என்பதை அதைச் செய்தவரைத்தான் கேட்க வேண்டும். கல்லூரியிலிருந்து, துளைகளை அளக்கும் முள் வரிசையான பின் கேஜைக் கொண்டு வந்து சோதித்தபோது 1.05 மில்லிமீட்டர் முள் தடையின்றி உள்ளே போயிற்று. உருப்பெருக்கியில் துளையின் விளிம்பில் நீளவாக்கில் கீறல்கள் தெரிந்தன. அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ கிளட்ச் கேபிளின் ஒற்றைக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார்கள். நம் ஊரில் ஜெட்டுகளின் ஆயுளைக் குறைப்பது பெட்ரோலைவிட இந்தக் கம்பிதான். ஆக, பெரிய ஜெட் வேண்டும் என்று மூன்று மாதம் அலைந்த வண்டியில், ஏற்கெனவே அளவுக்கு மீறிய ஜெட்டே உட்கார்ந்திருந்தது.

பிறகு எதற்காக வண்டி முக்கியது? இதை அறிய ஜெட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஆக்சிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, முழுத் திருப்பத்தை எட்டாகப் பிரித்துக் கோடு போட்டு, ஆசிரியரையே ஓட்டச் சொன்னோம். தொடக்கத்திலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை கலவையை ஆள்வது ஐடிலிங்குக்கான சிறு ஜெட்டான பைலட் ஜெட்டும் காற்று ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் கீழ்வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடிலும், அது ஏறி இறங்கும் துளையான நீடில் ஜெட்டும். மெயின் ஜெட்டின் ஆட்சி அதற்கு மேல்தான். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை என்றாலும் இந்தப் பகுப்பு நடைமுறையில் போதும். வீட்டிலிருந்து பள்ளிக்கு அவர் போகும் வழி முழுக்கத் தெருக்கள். கைப்பிடி ஒரு தடவைகூடப் பாதிக் கோட்டைத் தாண்டவில்லை. வண்டி முக்கிய இடம் முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவில். “அண்ணே, அப்ப நான் வாங்குன ஜெட் எதுவுமே இந்த எடத்துல வேலை செய்யாதா?” என்று என் நண்பரிடம் அவர் கேட்டார். நண்பர் சிரித்துவிட்டு, “பொருந்தியிருந்தாலும் செய்யாது சார்” என்றார்.

பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது துளை பாதி அடைந்திருந்தது. ஐடிலிங்கில் ஓடவிட்டு இன்லெட் இணைப்பின் மேல் கார்பரேட்டர் கிளீனரைச் சிறிது பீய்ச்சியதும் வேகம் மாறியது. ரப்பரில் வெடிப்பு, அதன் வழியே திருட்டுக் காற்று. ஆக, அடிநிலையில் கலவை மெலிவதற்குக் காரணங்கள் மூன்று: அடைந்த பைலட், வெடித்த இணைப்பு, தவறான திசையில் திருகிய ஸ்க்ரூ. இவற்றுக்கு மேல் கூம்பு ஃபில்டரும் சேர்ந்தது.

ஆக்சிலேட்டரின் நடுப்பங்கில் நிலைமை இதற்கு நேர்மாறு. வி.எம். வகையில் மெயின் ஜெட்டைக் கழற்றிய பின் நீடில் ஜெட்டை ஒரு மரக்குச்சியால் மேல்நோக்கித் தள்ளினால் வந்துவிடும். அதன் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது; நீடிலின் ஒரு பக்கத்திலும் உரசல் தடம். ஆண்டுக்கணக்கில் ஓடிய ஸ்லைடு கார்பரேட்டர்களில் இது வழக்கம்; பெட்ரோல் வேண்டியதைவிட அதிகமாகக் கசிந்து, நடுவேகத்தில் கலவை கெட்டியாகி, பிளக் கரி பிடிக்கும். கீழே மெலிந்தும் நடுவில் கெட்டியாகவும் இருக்கும் வண்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும் இடத்தில் முக்காமல் வேறென்ன செய்யும்?

மாற்றுப் பாகம் வாங்குவதற்கு முன் நீடில் ஜெட்டிலும் நீடிலிலும் பொறித்திருப்பதைப் படித்துக்கொள்வது அவசியம், ஏனெனில் இவற்றின் நுணுக்கம் கண்ணுக்குத் தெரியாது. மிகுனி நீடில் ஜெட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து ஒரு படி ஏறினால் துளை 0.05 மில்லிமீட்டர் பெருகும். எண் ஒரு படி ஏறினால் 0.005. ஓ-0 என்பது 2.600 மில்லிமீட்டர் என்றால் ஓ-8 என்பது 2.640, பி-0 என்பது 2.650. நீடிலிலும் அதேபோல ஒரு மொழி உண்டு: 6டிஎச்3 என்ற நீடிலை எடுத்துக்கொண்டால், 6 என்பது நீளம் 60 மில்லிமீட்டருக்கும் 70 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது என்பதையும், டி என்பது மேற்பகுதியின் சரிவு 1 டிகிரி என்பதையும், எச் என்பது கீழ்ப்பகுதியின் சரிவு 2 டிகிரி என்பதையும், கடைசி எண் தயாரிப்பாளரின் வரிசைக் குறியையும் சொல்கின்றன. கடைசியில் ஒரு கோடு போட்டு இன்னோர் எண் இருந்தால், அது கிளிப் மாட்ட வேண்டிய பள்ளம். மேலிருந்து எண்ண வேண்டும். பைலட் ஜெட்டிலும் வி.எம். வகைக்கு ஒன்றும் பி.எஸ். வகைக்கு வேறொன்றுமாக உடலின் நீளமும் பக்கத் துளைகளும் மாறுபடும். எண் ஒத்துப்போனால் போதாது, பழையதை அருகில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

செய்ததும் விளைவும்

அடுத்த சனிக்கிழமை நண்பர் சென்னைக்குப் போக வேண்டிய வேலை இருந்தது. கார்பரேட்டரின் நான்கு பக்கப் படம், துளை அளவு எழுதிய தாள், பழைய ஜெட்டுகளும் நீடிலும் தனித்தனிச் சிறு பொட்டலங்களாக, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போனார். கடைக்காரரிடம் வண்டியின் பெயரைச் சொல்லவே இல்லை, வி.எம்.24, பொறிப்பு இது, பழையது இது என்று மேசையில் வைத்தார். நீடில், நீடில் ஜெட், பைலட் ஜெட், முத்திரையுள்ள மெயின் ஜெட், ஃப்ளோட் கிண்ண கேஸ்கெட், இன்லெட் ரப்பர் ஆகியவை சேர்ந்து ஆன செலவு, அந்தத் துணிப்பையில் இருந்தவற்றின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அசல் ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்ட ஆசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். சைலன்சருக்கு முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதைவிட, பள்ளி வாசலில் மாணவர்கள் பார்க்கிறார்கள் என்ற பேச்சே அவரிடம் எடுபட்டது. காற்று ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே விட்டு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கால் சுற்றாகத் தேடி, ஐடிலிங் மிக உயரும் இடத்தில் நிறுத்தினோம். பிறகு புகைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இந்த வண்டியின் காலத்து நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 விழுக்காடு, வந்தது 2.1. அந்தச் சோதனை ஐடிலிங் பாதையை மட்டுமே காட்டும், நீடிலைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதால், நடுவேகத்துக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பீங்கான் இளம்பழுப்பு. முக்கல் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை விடும்போது எப்போதாவது ஒரு சிறு வெடி கேட்கிறது. இரும்பு இன்ஜினுக்கு அதை நாங்கள் மன்னித்துவிட்டோம்.

துணிப்பையில் இருந்தவற்றுள் வி.எம்.28 தொகுதி மட்டும் யாருக்காவது உதவும் என்று பட்டறையில் வைத்துக்கொண்டோம். ஒரு மாதம் கழித்து மணப்பாறையிலிருந்து பழைய 500 வைத்திருப்பவர் ஒருவர், செய்தி கேள்விப்பட்டு, கார்பரேட்டரையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இன்ஜின் பக்கம் அளந்தோம்: சரியாக 28. தொகுதியைப் பிரிக்கப் போன நண்பர், ஏதோ உறுத்த, டூத்பிரஷ்ஷை எடுத்து உடலைத் தேய்த்தார். எங்கும் மிக்கார்ப் என்றோ மிகுனி என்றோ இல்லை. ஸ்லைடை வெளியே எடுத்தால் அது வி.எம். வகையில் இருப்பதுபோல் வட்டமாகவும் இல்லை, ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. தொகுதி மீண்டும் இழுப்பறைக்குள் போயிற்று.